தொண்டைமானாற்று முகத்துவாரம்: வான்கதவோடு சேர்த்து வாசிக்க வேண்டிய நீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு என்று ஒன்றும் இல்லை. மாரியில் மட்டும் வலிகாமத்தின் ஊடாக ஓடி அராலியில் முடியும் வழுக்கியாற்றை விட்டால், நிலத்து நீர் கடலைத் தொடும் இடங்கள் பெரும்பாலும் கடனீரேரிகளின், அதாவது கடலோடு வாயால் இணைந்த உவர்நீர் ஏரிகளின், வாய்களே. அவற்றுள் வடக்கே பாக்கு நீரிணையை நோக்கித் திறப்பது தொண்டைமானாறு. வடமராட்சிக்கும் தென்மராட்சிக்கும் இடையே தென்கிழக்காக நீண்டு கிடக்கும், சுமார் 77 சதுர கிலோமீற்றர் பரப்புக் கொண்ட வடமராட்சிக் கடனீரேரி, வல்லை வெளியில் ஒடுங்கி, வல்லைப் பாலத்தின் கீழாக வந்து, செல்வச்சந்நிதி முருகன் கோயிலின் கரையைத் தொட்டு, தடுப்பணையின் வான்கதவுகளை (நீரை மறிக்கவும் விடவும் அடைத்துத் திறக்கும் கதவுகளை) கடந்து கடலில் சேர்கிறது. பாலத்துக்கும் கடல்வாய்க்கும் இடைப்பட்ட இந்த ஒடுங்கிய துண்டே இங்கு ஆராய எடுத்துக்கொண்ட இடம். பரப்பில் இது சிறியது. ஆனால் உள்ளே கிடக்கும் பெரிய ஏரியின் கழிவு வெளியேறுவதும், கடலில் பொரித்த மீன்குஞ்சும் இறாற்குஞ்சும் உள்ளே நுழைவதும் இதன் வழியாகவே என்பதால், நீரின் தரத்தையும் சூழற்றொகுதியின் நிலையையும் தொடர்ந்து கண்காணிக்க விரும்புவோர் தொடங்க வேண்டிய இடமும் இதுவே.

1940களின் இறுதியில் தொடங்கி 1950களின் முற்பகுதியில் முடிக்கப்பட்ட தடுப்பணை, மாரியில் சேரும் மழைநீரை வீணே கடலுக்கு விடாமல் மறிக்கவும், கோடையில் கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்கவும், அதனால் கரையோர வயல்களின் உவரைக் கழுவிக் கிணறுகளை நன்னீராக்கவும் எழுப்பப்பட்டது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் முன்வைத்த திட்டம் இதனினும் விரிந்தது. கனகராயனாற்றின் நீர் சேரும் ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் மூலம் அந்நீரை வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுவந்து, குடாநாட்டின் நிலத்தடி நீருக்கு ஊட்டமாக்குவது அதன் சாரம். அத்திட்டம் முழுமை பெறவில்லை. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் நின்றன. தெற்கிலிருந்து வரவேண்டிய ஆற்றுநீர் வரவில்லை. ஆகவே இன்று நம் முன் இருப்பது முற்றிலும் நன்னீராகவும் மாறாத, பழைய உவர்நீராகவும் விடப்படாத, பாதி வழியில் நிற்கும் ஒரு கழிமுகம். கண்காணிப்பின் சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கதவே வற்றுப்பெருக்கு

பொதுவாக ஒரு கழிமுகத்தின் நீரை நாளுக்கு நாள் மாற்றுவது கடலின் வற்றும் பெருக்கும். குடாநாட்டின் வடகரையில் வற்றுப்பெருக்கின் வீச்சு பறுவத்திலும் அமாவாசையிலும்கூட ஒரு மீற்றருக்குக் குறைவு. கதவு அடைபட்டிருக்கும்போது அந்தச் சிறிய வீச்சும் உள்ளே வருவதில்லை. எனவே தொண்டைமானாற்றில் நீரை மாற்றும் முதற்காரணி சந்திரன் அல்ல, கதவைத் தூக்கும் கை. கதவு எந்த நிலையில் இருந்தது என்று எழுதப்படாத நீர்ப் பதிவேடு எத்தனை நுட்பமான கருவியால் நிரப்பப்பட்டிருந்தாலும் அதை வாசிக்க முடியாது என்பதே இந்த இடத்தை ஆராய்ந்து நான் வந்தடைந்த முடிவு.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். கோயிலடியில் எடுத்த நீரில் லீற்றருக்கு 15 கிராம் உப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதே எண் மூன்று வழிகளில் வரலாம். மாரியில் அடைத்துவைத்த, ஏழரைக் கிராம் உப்புக் கொண்ட நீர் வெயிலில் பாதியாக வற்றி இந்நிலையை அடைந்திருக்கலாம். கதவு கசிந்தோ திறந்தோ உள்ளே வந்த கடல்நீர் மழைநீரோடு ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்திருக்கலாம். அல்லது, ஏரியின் உட்பகுதியில் கோடை முழுவதும் வற்றிக் கடலைவிட உப்பேறி, 45 கிராம் வரை சென்ற நீர், முதல் மழையில் மும்மடங்காக ஐதாகி இங்கே இறங்கியிருக்கலாம். முதலாவது மாதக்கணக்கில் தேங்கிய பழைய நீர்; அதில் போசணைகளும் (நைதரசன், பொசுபரசு போன்ற ஊட்டப்பொருள்களும்) செறிந்திருக்கும். இரண்டாவது புதிய நீர். அதில் கடலின் குஞ்சுகளும் வந்திருக்கும். மூன்றாவது வயலையும் வெளியையும் கழுவிக்கொண்டு வந்த நீர். உப்பின் அளவு ஒன்றாக இருந்தும், ஒட்சிசன், அமோனியா, உயிரினம் ஆகிய எதிலும் இவை ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. மாதத்துக்கு ஒருமுறை, குறித்த திகதியில், குறித்த இடத்தில் ஒரு போத்தல் நீர் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் வழமையான முறை இம்மூன்றையும் ஒரே கோட்டில் மூன்று புள்ளிகளாக வரைந்துவிட்டு, அக்கோட்டைப் போக்கு என்று பெயரிட்டுவிடும்.

ஆகவே பதிவேட்டின் முதற்பத்திகள் வேதியியலுக்கு உரியவை அல்ல. எத்தனை கதவுகள், எப்போதிலிருந்து, எவ்வளவு உயரம் திறந்துள்ளன. தடுப்பணையின் உட்புறத்திலும் கடற்புறத்திலும் நீர்மட்டம் என்ன. கடந்த சில நாட்களில் மழை பெய்ததா. வீசுவது சோளகமா (தென்மேற்குக் காற்று), வாடையா (வடகிழக்குக் காற்று), அல்லது காற்று விழுந்துவிட்டதா. மாதிரி எடுத்த நேரம் என்ன. இவற்றை எழுதப் பணம் தேவையில்லை. அளவுகோல் வரைந்த ஒரு பலகையும், கதவைப் பராமரிப்பவரோடு நல்ல பழக்கமும் போதும். கதவைப் பற்றிய குறிப்பில் இன்னொன்றும் சேர வேண்டும். கீழிருந்து மேலே உயர்த்தும் கதவு முதலில் அடிநீரையே வெளியே விடும். மேல்விளிம்பால் வழியவிடும் பலகைக்கதவு மேல்நீரையே விடும். வெளியேறியது எந்த நீர் என்று அறியாமல், உள்ளே எஞ்சியது எந்த நீர் என்று சொல்ல முடியாது.

மேல்நீரும் அடிநீரும்

புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றைப் பார்த்த எவருக்கும் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் ஒரே குழியில் கலவாமல் கிடக்கக்கூடும் என்பது புதிய செய்தி அல்ல. தொண்டைமானாற்றிலும், ஆழம் மிகக் குறைவாயினும், இதே நிகழ்வு நடக்கிறது. லீற்றருக்கு ஒரு கிராம் உப்பு வித்தியாசம் நீரின் அடர்த்தியில் ஏற்படுத்தும் மாற்றம், நம் வெப்பநிலையில் ஏறத்தாழ இரண்டரைப் பாகை செல்சியசு வித்தியாசத்துக்குச் சமம். கசியும் கதவின் அடியால் நுழையும் கடல்நீர் பத்து, பதினைந்து கிராம் கூடிய உப்போடு வரும்போது, அது மேல்நீரின் கீழே ஆப்புப்போல் நுழைந்து, தரையின் பள்ளங்களில் தங்கிவிடுகிறது. பகல் வெயில் மேல்நீரைச் சூடாக்கி இலேசாக்குவதால் இந்தப் பிரிவு இன்னும் உறுதிப்படும்.

எனவே கரையில் நின்று வாளியால் அள்ளிய நீர் பாதிக் கதையையே சொல்லும். தடுப்பணையின் கடற்புறம், உட்புறம், கோயிற்கரை, வல்லைப் பாலம், ஒப்பீட்டுக்காக ஏரியின் உட்பகுதியில் முள்ளிப் பக்கம் ஓரிடம் என்று நிலையங்களை வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றிலும் மேல்நீரும் அடிநீரும் தனித்தனியே எடுக்கப்பட வேண்டும். இதற்கு விலைகூடிய சாதனம் வேண்டியதில்லை. கழுத்தில் ஈயக்கட்டி கட்டிய கண்ணாடிப் போத்தலின் அடைப்பானில் தனிக்கயிறு கட்டி, முழத்துக்கு முழம் முடிச்சிட்ட கயிற்றில் இறக்கி, வேண்டிய ஆழத்தில் அடைப்பானைச் சுண்டி இழுத்தால் போதும்; குமிழிகள் மேலே வந்து ஓய்ந்ததும் போத்தல் நிறைந்துவிட்டது என்று பொருள். சேற்றுக்கு அரைச் சாண் மேலே நிறுத்துவது முக்கியம். போத்தல் சேற்றைத் தொட்டுவிட்டால் வருவது அடிநீர் அல்ல, கலக்கிய சேறு. அதன் அமோனியாவும் நாற்றமும் வேறு கணக்கு. அங்கேயே ஒரு துளியை, ஒளி வளையும் அளவைக் கொண்டு உப்பைக் காட்டும் முறிவுமானியின் கண்ணாடியில் இட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் உப்பின் அளவு கிடைத்துவிடும். மேல்நீருக்கும் அடிநீருக்கும் இடையே கோடு இடம்பெயரும் தூரத்தைக் கண்ணால் பார்த்த பிறகு, இவ்விரண்டையும் ஒரே நீர் என்று யாரும் எழுதமாட்டார்கள்.

விடியலுக்கு முந்திய ஒட்சிசன்

இந்தக் கண்காணிப்பில் ஒரே ஓர் அளவுதான் எடுக்க முடியும் என்று யாராவது கட்டுப்படுத்தினால், நான் கேட்பது விடியலுக்கு முன் அடிநீரில் கரைந்துள்ள ஒட்சிசனின் அளவு.

காரணம் எளிது. 30 பாகை செல்சியசில் நன்னீர் காற்றிலிருந்து ஏற்றுத் தாங்கக்கூடிய ஒட்சிசன் லீற்றருக்கு சுமார் 7.5 மில்லிகிராம், 35 கிராம் உப்புள்ள கடல்நீருக்கு அது சுமார் 6.2, கோடையில் 50 கிராம் வரை உப்பேறிய கடனீரேரி நீருக்கு சுமார் 5.7. அதாவது நம் கடனீரேரியின் மீன் தொடக்கத்திலேயே குறைந்த கையிருப்போடு வாழ்கிறது. பகலில் அல்காவும் (நீரில் வளரும் பாசிகளும்) நீரடிப் புற்களும் ஒளித்தொகுப்பால் ஒட்சிசனை வெளியிடுவதால், பிற்பகல் மூன்று மணிக்கு அளந்தால் மேற்சொன்ன நிரம்பல் அளவையும் தாண்டிய பெறுமானம் கிடைக்கலாம். அறிக்கையில் அது மிக அழகாகத் தோன்றும். இரவில் அதே அல்காவும், சேற்றிலுள்ள பற்றீரியாவும், மீனும் சேர்ந்து அந்த ஒட்சிசனைச் செலவழிக்கின்றன. கணக்கின் அடிமட்டம் தெரிவது கிழக்கு வெளுக்கும் முன்னரே. பிற்பகலின் உயர்ந்த எண்ணும் விடியலின் தாழ்ந்த எண்ணும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இரண்டுக்கும் இடையிலுள்ள ஊசலாட்டம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்கு நீர் போசணை மிகுந்து அல்காவால் நிறைந்துள்ளது என்று பொருள். அலுவலக நேரத்தில் மட்டும் மாதிரி எடுக்கும் வழக்கம் இந்த உண்மையை ஆண்டு முழுவதும் தவறவிடக்கூடியது.

இதோடு காற்றையும் சேர்த்து எண்ண வேண்டும். வைகாசி முதல் வீசும் சோளகம் வல்லை வெளியில் எவ்வளவு பலமாக அடிக்கும் என்பது அவ்வழியே சைக்கிளில் போனவர்களுக்குத் தெரியும். அக்காற்று சேற்றைக் கலக்கி நீரைக் கலங்கலாக்கினாலும், மேல்நீரையும் அடிநீரையும் புரட்டிக் கலந்து ஒட்சிசனைக் கீழே இறக்குகிறது. நீர் பார்வைக்கு அழுக்காகத் தெரியும் அக்காலம் மீனுக்குப் பாதுகாப்பான காலம். ஆபத்தானது சோளகம் தணிந்து வாடை தொடங்கும் முன் வரும் இடைவெளி. வெப்பம் மிகுந்திருக்கும். கதவு மாதக்கணக்கில் அடைந்திருக்கும். நீர் தெளிந்து, அசைவற்று, பார்க்க அழகாக இருக்கும். அப்படியான ஓர் இரவில் காற்று முற்றாக விழுந்தால், அடிநீரின் ஒட்சிசன் லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போக ஒரே இரவு போதும். அந்த எல்லைக்குக் கீழே பெரும்பாலான மீன்கள் அவ்விடத்தில் நிற்கா. ஓட வழியிருந்தால் ஓடும், கதவு அடைந்திருந்தால் மேற்பரப்புக்கு வந்து வாய்பிளக்கும். கரையோரமாக மணலை, திரளிக் குஞ்சுகள் தலையை நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஒரே திசையில் அணியாக நிற்பதும், நண்டு ஈரக் கல்லில் ஏறி அமர்ந்திருப்பதும், கருவி கொண்டுவராதவரும் படிக்கக்கூடிய பதிவு. அதையும் நேரத்தோடு எழுதிவைக்க வேண்டும்.

ஒட்சிசனை நேரே அளக்கும் மின்முனைக் கருவி இருந்தால் நல்லது. ஆனால் உவர்நீரில் அளக்கும்போது உப்பின் அளவை அதில் உள்ளிட்டுத் திருத்தாவிட்டால் அது உண்மையைவிடக் கூடிய எண்ணைக் காட்டும். கருவி இல்லாத இடத்தில் 1888இல் விங்க்லர் வகுத்த முறை இன்றும் நம்பத்தக்கது. போத்தலில் குமிழியில்லாமல் நீரை நிரப்பி, மங்கனீசு சல்பேற்றையும் கார அயடைட்டையும் அடுத்தடுத்துச் சேர்த்தவுடன் ஒரு வீழ்படிவு உருவாகும். ஒட்சிசன் இருந்தால் அது கபில நிறமாகக் கலங்கி மெல்ல அடியில் படியும். ஒட்சிசன் அறவே இல்லாத நீரில் வெள்ளையாகவே நிற்கும். கதவின் உட்புறப் பள்ளத்திலிருந்து எடுத்த போத்தலையும் மேல்நீர்ப் போத்தலையும் அருகருகே வைத்து இந்த நிற வேறுபாட்டைப் பார்ப்பது, அளவு கணக்கிடப்படும் முன்னரே, மாணவர்களுக்கும் மீனவர்களுக்கும் ஒரே நேரத்தில் விளங்கும் சான்று. ஓர் எச்சரிக்கை: அடிநீரில் கூழ்முட்டை நாற்றம் வந்தால் அதிலுள்ள ஐதரசன் சல்பைட்டு இம்முறையின் அயடீனைத் தின்று கணக்கைக் கெடுக்கும். அவ்வாறான போத்தலுக்கு எண் எழுதுவதைவிட “சல்பைட்டு உண்டு” என்று எழுதுவதே நேர்மை.

நிலத்தடியால் வரும் நைத்திரேற்று

வலிகாமத்தின் செம்மண்ணில் வெங்காயம், புகையிலை, மிளகாய், உருளைக்கிழங்கு என்று ஆண்டு முழுவதும் செறிவாகப் பயிர் செய்வதும், அதற்கு இடும் உரத்தின் மிகுதி சுண்ணாம்புக்கல் வெடிப்புகளின் ஊடாக நிலத்தடி நீரில் இறங்குவதும், கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டுவதும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. குடிநீர்ப் பிரச்சினையாகவே இது எப்போதும் பேசப்படுகிறது. அந்த நிலத்தடி நீர் இறுதியில் எங்கே போகிறது என்ற கேள்வி குறைவாகவே எழுகிறது. கீரிமலையில் கடலோரமாக நன்னீர் ஊற்றெடுப்பது எல்லாரும் கண்ட காட்சி. அதே சுண்ணாம்புக்கல்லின் நீர் கடனீரேரியின் கரைகளிலும் கண்ணுக்குத் தெரியாமல் கசிகிறது. இடைக்காடு, அச்சுவேலிப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் தொண்டைமானாற்றுக்கும் இடையே ஓடையோ வாய்க்காலோ இல்லாதிருப்பது, தொடர்பு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

இங்கே பொசுபேற்றின் போக்கு நைத்திரேற்றின் போக்கிலிருந்து மாறுபடும். சுண்ணாம்புக்கல் பொசுபேற்றைப் பிடித்துக்கொள்ளும், நைத்திரேற்றை விட்டுவிடும். எனவே நிலத்தடியால் வருவது பெரும்பாலும் நைதரசன். பொசுபரசு முக்கியமாக மழைவெள்ளத்தோடு மண்ணாகவும், குடியிருப்புக் கழிவாகவும், சேறு ஒட்சிசன் இழக்கும்போது சேற்றிலிருந்தும் வருகிறது. ஆதலால் மாரியின் முதல் வெள்ளத்தையும், கோடையின் கடைசிச் சேற்றையும் அளக்காமல் இரண்டுக்கும் நடுவே ஒரு சாதாரண நாளில் எடுத்த போசணை அளவு, அல்கா எப்போது பொங்கும் என்பதைச் சொல்லாது. 2021 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு அவ்வாண்டு நவம்பரில் விலக்கப்பட்ட இரசாயன உரத் தடை, தோட்டத்துக்கும் ஏரிக்கும் உள்ள தொடர்பை அறிய யாரும் கேட்காமலே கிடைத்த ஒரு பரிசோதனை. இனி அப்படி ஒன்று வந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளக்கூடியது தொடர்ச்சியான பதிவேடு மட்டுமே.

அமோனியாவைப் பற்றி ஒரு நுட்பம். ஆய்வுகூடம் தருவது மொத்த அமோனியா; மீனைக் கொல்வது அதில் அயனாகாத, அதாவது மின்னேற்றம் பெறாத, பகுதி. 30 பாகையில், நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பீ.எச். பெறுமானம் 8 ஆக இருக்கும்போது நன்னீரில் அப்பகுதி சுமார் 7.5 சதவீதம், 9 ஆகும்போது சுமார் 45 சதவீதம். உவர்நீரில் இவை சற்றுக் குறையும், போக்கு மாறாது. அல்கா பொங்கிய நீரில் பிற்பகலில் பீ.எச். ஏறுவதால், காலையில் தீங்கற்றிருந்த அதே அமோனியா மாலையில் நஞ்சாகிறது. ஒட்சிசனுக்கு விடியலும் பீ.எச்.இற்குப் பிற்பகலும் என்று இரண்டு நேரங்களைப் பதிவேட்டில் நிலைப்படுத்த இதுவே காரணம்.

கிணற்று நீரையும் தொழிற்சாலைக் கழிவையும் சோதித்துப் பழகிய ஆய்வுகூடங்களுக்கு இந்நீரை அனுப்புவோர் இன்னொன்றையும் கேட்டறிய வேண்டும். கடல்நீரில் குளோரைட்டு லீற்றருக்கு சுமார் 19,000 மில்லிகிராம். இரசாயன ஒட்சிசன் கேள்வியை (நீரிலுள்ள கழிவை ஒட்சியேற்றத் தேவையான ஒட்சிசனின் அளவை) இருகுரோமேற்று என்ற இரசாயனத்தால் அளக்கும் வழமையான முறை, குளோரைட்டு 2,000 மில்லிகிராமைத் தாண்டினால் பொருந்தாது. குளோரைட்டே ஒட்சியேறி, கழிவே இல்லாத நீரையும் கழிவுநீராகக் காட்டிவிடும். உவர்நீர் மாதிரி என்று போத்தலில் பெரிதாக எழுதி ஒட்டாததால் பிறந்த அச்சமூட்டும் எண்கள் அறிக்கைகளில் நிரந்தரமாகத் தங்கிவிடுவதுண்டு.

நுண்ணுயிர் மாசைச் சுருக்கமாகச் சொல்லலாம். சந்நிதியின் பெருந்திருவிழா ஆவணியில் வருகிறது. அடியார்கள் பெருந்திரளாக ஆற்றில் நீராடுவதும், அன்னதான மடங்கள் இடைவிடாது இயங்குவதும் அக்காலத்தில். நாட்காட்டியில் அது கோடையின் கடைசி. நீர் மிகப் பழையதாகவும் மிகக் குறைவாகவும் இருக்கும் நேரம். மலக்கழிவின் அடையாளமாக எண்ணப்படும் ஈ.கோலை பற்றீரியா உவர்நீரில் விரைவில் இறப்பதால் அதை மட்டும் எண்ணினால் மாசு குறைவாகத் தெரியும்; உப்பைத் தாங்கும் என்டரோகொக்கை பற்றீரியாவையும் சேர்த்து எண்ண வேண்டும். மாதிரியை ஐசில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்ப்பது யாழ்ப்பாணத் தூரங்களில் இயலாத காரியம் அல்ல. திருவிழாவுக்கு முன், நடுவில், பின் என்று எடுக்கும் தொடர், நீராடுவோரைப் பற்றியதைவிட, கரையிலுள்ள மலசலகூடங்களின் குழிகளைப் பற்றியே அதிகம் சொல்லக்கூடும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் குழி என்பது பெரும்பாலும் வெடிப்பின் வாய்.

சேறும் உயிர்களும்

நீர் அந்தக் கணத்தின் நிலையைச் சொல்லும். சேறும் அதில் வாழ்பவையும் கடந்த மாதங்களைச் சொல்லும். ஒரு முழ நீளமான பீ.வீ.சீ. குழாயைச் சேற்றில் அழுத்தி, மேல்வாயை உள்ளங்கையால் இறுக அடைத்து உயர்த்தினால், ஏரித்தரையின் ஒரு துண்டு அப்படியே வரும். தகட்டில் தள்ளிப் பார்த்தால் மேலே மென்கபில நிறத்தில் ஒரு தோல், அதன் கீழே கருமை. கபிலம் ஒட்சிசன் இறங்கும் ஆழம். கருமை இரும்புச் சல்பைட்டின் நிறம். வல்லைப் பாலத்தருகே காற்று கலக்கும் மேட்டில் கபிலத் தோல் தடித்தும், அசைவற்ற பள்ளங்களில் அது தாள்போல் மெலிந்தும் அல்லது இல்லாமலும் இருக்கும். அளவுகோலால் அத்தடிப்பை அளந்து எழுத வேண்டும். பிறகு சேற்றை மெல்லிய கண்ணுள்ள அரிதட்டில் கழுவினால், உயிருள்ள ஊரியும் மட்டியும் புழுவும் எஞ்சும். வெறும் சிப்பியோடுகள் மட்டும் எஞ்சினால், அவ்விடத்தில் ஏதோ ஒரு பருவம் எல்லாவற்றையும் கொன்றுவிட்டுப் போயிருக்கிறது.

மீன்களை எண்ணச் சிறந்த இடம் ஆய்வாளரின் வலை அல்ல, தொழிலாளரின் கூடை. கதவு திறந்த நாளில் அதன் ஓரம் வீச்சுவலையோடு நிற்பவர்களின் பிடியில் என்ன இருக்கிறது என்பதை வாரத்துக்கு ஒருமுறை வகைப்படி எழுதினால் போதும். வெள்ளை இறால் கடலில் முட்டையிட்டு, குஞ்சாகக் கடனீரேரிக்குள் வந்து வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போவது. மணலையும் திரளியும் பாலைமீனும் அவ்வாறே. குஞ்சு வரும் பருவத்தில் கதவு அடைந்திருந்தால், நீரின் எல்லா எண்களும் நன்றாக இருந்தும் அடுத்த பருவத்தில் கூடை வெறுமையாகும். இந்த இழப்பை எந்த வேதியியற் சோதனையும் காட்டாது. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா பெருகுவதைப் பார்த்து “நீர் நன்னீராகிவிட்டது” என்று முடிவுகட்டுவோரும் உண்டு. அம்மீன் கடலைவிட உப்பான நீரையும் தாங்கும். அது உள்ளேயே பெருகக்கூடியது. எனவே கூடையில் அது மிகுந்து மற்றவை குறைவது உப்புக் குறைந்ததன் அடையாளம் அல்ல, கடலோடு உள்ள தொடர்பு அறுந்ததன் அடையாளம்.

கரையில் வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்களும், வல்லை வெளியின் ஓரங்களில் உவர்நிலச் செடியான உமரியும் மெதுவாகவே பதில் சொல்பவை. மூச்சுவேர் நெடுநாள் நீரில் மூழ்கிக் கிடந்தால் கண்டல் பட்டுப்போகும். ஆகவே வயலுக்காக நீர்மட்டத்தை உயர்த்தி வைத்திருக்கும் காலநீளம் கண்டலுக்கும் ஓர் எல்லையை வகுக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே மாதத்தில், ஒரே இடத்திலிருந்து எடுத்த ஒளிப்படம் இதற்குப் போதுமானது. உட்பகுதியில் மாரி முடிவில் இறங்கும் பூநாரைகளையும் உள்ளான்களையும் எண்ணுவது இனிமையான வேலைதான். ஆனால் அப்பறவைகள் நீர்மட்டம் ஆழமற்ற இடத்தைத் தேடி ஏரிக்கு ஏரி மாறுபவை என்பதால், ஒரு முகத்துவாரத்தின் நலத்துக்கு அவற்றைச் சாட்சியாக அழைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

யாருடைய நீர்மட்டம்

கரையோர வயற்காரருக்கு வேண்டியது கதவு அடைபட்டு நன்னீர் நிற்பது. மாரி மழையை நம்பிய காலபோக நெல் விதைப்புக்குப் பின் உவர் ஏறினால் பயிர் கருகும். கடனீரேரித் தொழிலாளருக்கு வேண்டியது கதவு திறந்து கடல் உள்ளே மூச்சுவிடுவது. பெருமழையில் இருசாராருக்கும் பொதுவான தேவை வேகமாகத் திறப்பது. 2008 நவம்பரில் நிஷா சூறாவளியும் 2020 டிசம்பரில் புரெவியும் கொட்டிய மழையில் குடாநாட்டின் தாழ்ந்த வெளிகள் எவ்வளவு விரைவில் நிரம்பும் என்பதை எல்லாரும் கண்டனர். இத்தகைய வேகமான திறப்பில் முகத்துவாரம் சில மணி நேரத்தில் உவரிலிருந்து நன்னீருக்கு மாறுகிறது. அசைய முடியாத மட்டிக்கும் ஊரிக்கும் அது பேரிடி. அவ்வாறான மழைக்குப் பின்னான வாரம் முழுவதும் தினமும் அளப்பது, சாதாரண மாதங்கள் பலவற்றின் அளவைவிடப் பயனுள்ளது.

விவசாயிக்கும் மீனவருக்கும் இடையிலான இந்த இழுபறி பேச்சளவில் எப்போதும் “திறப்பதா, அடைப்பதா” என்ற இரண்டே வழிகளில் நின்றுவிடுகிறது. பதிவேடு மூன்றாவது ஒரு கேள்வியைக் கேட்கவைக்கும்: எப்போது, எவ்வளவு, எந்த நீரை? மழை தொடங்கும் முன், உட்புற நீர்மட்டம் கடலைவிட உயர்ந்திருக்கும் வேளையில், ஒரு கதவை மட்டும் சிறிதளவு கீழிருந்து உயர்த்தினால், வெளியேறுவது உப்பேறி ஒட்சிசன் இழந்த அடிநீர். வயலுக்குப் பயன்படக்கூடிய மேல்நீர் பெரும்பாலும் உள்ளேயே நிற்கும். அறுவடை முடிந்து வயலுக்கு நீர் தேவைப்படாத தை, மாசிக்குப் பின், குஞ்சு வரும் நாட்களில், கடல் உயரும் இரவுகளில் சில மணி நேரம் திறந்தால், இறால் உள்ளே வர வழி கிடைக்கும். அப்போது ஏறும் உப்பு எவ்வளவு தூரம் உட்செல்கிறது என்பதை வல்லைப் பாலத்தடியிலும் முள்ளியிலும் அடிநீரை அளந்தே சொல்லலாம். இவ்விரண்டும் கருதுகோள்களே. ஆயினும் சோதிக்கக்கூடியவை. திறப்பதற்கு முந்திய விடியல், திறந்த மறுநாள் விடியல், ஒரு வாரத்தின் பின் ஒரு விடியல் என மூன்று நேரத்து அடிநீர் ஒட்சிசனும் உப்பும், கூடையின் வகைக்கணக்கும் இருந்தால், ஒரு பருவத்திலேயே முதற்பதில் கிடைக்கும்.

இதை யார் செய்வது என்பதிலும் தெளிவு வேண்டும். கதவு நீர்ப்பாசனப் பகுதியினரின் பொறுப்பில் உள்ளது. மீன் கடற்றொழில் திணைக்களத்தின் பார்வையில் உள்ளது. மாசு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சட்டவரம்பில் வருகிறது. பகுப்பாய்வுத் திறன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நான்கு இடங்களில் நான்கு கோப்புகளாகக் கிடக்கும் தகவலால் ஒரு கதவையும் சரியான நேரத்தில் உயர்த்த முடியாது. கதவடியில் வைக்கும் பதிவேடு ஒன்றாகவும், அதன் ஒரு பிரதி அப்பகுதிக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திலும் இன்னொன்று கமக்காரர் அமைப்பிலும் இருக்க வேண்டும். புரட்டாதியில், மழைக்கு முன் கதவைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் முதலில் வாசிக்கப்பட வேண்டியது அந்த வாரத்து விடியல் அளவுகள். விண்ணப்பங்களும் முறைப்பாடுகளும் அதன் பின்னர்.